குறிச்சொல்லும் கூற்றும்: திரியாயை முன்வைத்துக் கல்வியிற் சமூகக் குறியிடல் பற்றிய ஒரு நோக்கு

இணையத்திற் காணப்படும் கட்டுரை, படம், ஒலிப்பதிவு, நூற்பிரதி ஆகியவற்றின் முகவரிகளை ஒருவர் தமக்கெனச் சேமித்து, அவற்றுக்குத் தாமே தெரிந்தெடுத்த சில சொற்களை இட்டு, அச்சேமிப்பினைப் பிறரும் கண்டு பயன்கொள்ளும்படி திறந்துவைக்கும் முறை சமூகப் பக்கக்குறியிடல் எனப்படுகின்றது. அவ்வாறு இடப்படும் சொற்களைத் தமிழிற் குறிச்சொற்கள் என வழங்கி வருகின்றோம். இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இம்முறை கல்வியுலகிற் பெரும் ஆர்வத்தை எழுப்பியது. நூலகரும் பேராசிரியரும் வகுத்துவைத்த அடுக்குகளுக்கு மாணவர் இனிக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றும், கற்போர் யாவரும் பெயரிடுவோராக மாறுவர் என்றும், இதுவே அறிவின் சனநாயகமாக்கம் என்றும் கூறப்பட்டது. 2004ஆம் ஆண்டில் தோமஸ் வன்டர் வால் என்பார் மக்களாற் செய்யப்படும் இவ்வகைப்படுத்தலுக்கென ஆங்கிலத்திற் புதுச்சொல் ஒன்றினையே ஆக்கினார்.

இக்கருத்தினை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. அதில் உண்மையுண்டு. ஆயின் பெயரிடுபவர் யார், எச்சான்றைக் கொண்டு பெயரிடுகின்றார், இட்ட பெயர் யாருடைய களஞ்சியத்திலே தங்குகின்றது என்னும் வினாக்கள் இவ்வார்வத்தினிடையே உரியவாறு எழுப்பப்படவில்லை என்பதே எமது குறை. இவ்வினாக்களைப் பொதுப்பட எழுப்புவதிலும், பெயர் என்பது வெறும் பெயராக இருக்கமுடியாத ஓர் ஊரை முன்வைத்து எழுப்புவது பயனுடைத்து. அத்தகைய ஊர் திரியாய்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியின் அயலிலே, பழைய கட்டுக்குளப்பற்றுப் பிரிவினுள் அடங்கிய வயலூர் அது. கடலும் களப்பும் அண்மையில் உள்ளன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து போரும் வன்செயலும் அவ்வூராரை ஒருமுறைக்கு மேல் இடம்பெயரச் செய்தன. ஊருக்கு அப்பால் உள்ள குன்றின்மீது ஒரு தாதுகோபமும், அதனைச் சூழ வட்டம் வட்டமாக நிறுத்தப்பட்ட கற்றூண்களும் காணப்படுகின்றன. குன்றினைச் சார்ந்த பாறையொன்றிலே வடமொழிக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அதன் எழுத்து, தமிழகத்துப் பல்லவர் காலக் கிரந்த எழுத்துக்கு மிக நெருங்கியது. காலம் ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு எனக் கொள்ளப்படுகின்றது. கிரிகண்டி சைத்தியம் என அத்தலம் அதிலே குறிக்கப்படுகின்றது. திரபுஸ்ஸக, வல்லிக என்னும் பெயர்களையுடைய வணிகக் குழுக்கள் அதனை நிறுவியமை கூறப்படுகின்றது. மகாயான பௌத்தத்திற்குரிய போதிசத்துவர் பற்றிய குறிப்பும் உண்டு. பரணவிதான அதனை வாசித்து வெளியிட்டார்.

இப்பொழுது ஒரு மாணவர் இக்கல்வெட்டின் படமொன்றினை இணையத்திற் கண்டு சேமிக்கின்றார் எனக் கொள்வோம். அவர் எச்சொல்லை இடுதல் வேண்டும்? ‘பௌத்தம்’ எனின் பிழையில்லை. ‘மகாயானம்’ எனின் இன்னும் நுட்பமானது. ‘வடமொழி’ என்பதும், ‘கிரந்தம்’ என்பதும், ‘பல்லவர் தொடர்பு’ என்பதும் சரியானவையே. ‘வணிகக் குழுக்கள்’ என்பது பொருளியல் வரலாறு கற்போருக்குப் பெரிதும் உதவும். ‘திருகோணமலை மாவட்டம்’, ‘கட்டுக்குளப்பற்று’, ‘தமிழ்க் கிராமம்’, ‘தொல்லியற் பாதுகாப்பிடம்’ ஆகியனவும் இன்றைய நிலையைச் சுட்டுவன. இவை ஒவ்வொன்றும் உண்மை. எதுவும் தனித்து நின்றாற் போதாது. இவற்றுள் ஒன்றை மட்டும் இட்டு ஏனையவற்றை மறைப்பவர், பொய் ஒன்றும் கூறாமலே வரலாற்றைத் திரித்துவிடலாம். சிங்களம் - பௌத்தம் என்றோ தமிழ் - சைவம் என்றோ இரு பெட்டிகளை முன்கூட்டியே செய்துவைத்துக்கொண்டு ஈழத்து வரலாற்றை அணுகுவோர் இருதரப்பிலும் உளர். அவ்விரு பெட்டிகளுள் எதனுள்ளும் அடங்க மறுப்பதே இக்கல்வெட்டின் பெறுமதி.

நூலக அடுக்கின் நியதி வேறு. அச்சிட்ட நூல் ஒரே நேரத்தில் ஓரிடத்திலேதான் இருக்கமுடியும். 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பின்படி, திரியாய்த் தாதுகோபம் பற்றிய நூலைப் பௌத்தத்திற்குரிய 294.3 என்னும் எண்ணிலோ, இலங்கை வரலாற்றுக்குரிய 954.93 என்னும் எண்ணிலோ, கட்டடக்கலைக்குரிய 720களிலோ வைத்தல் வேண்டும். ஒன்றிலே வைத்தால் ஏனையவற்றைத் தேடிவருபவர் வெறுங்கையோடு திரும்புவர். அப்பகுப்பு நடுநிலையானதும் அன்று. சமயத்திற்கென ஒதுக்கிய நூறு எண்களிற் பெரும்பகுதியைக் கிறித்தவத்திற்கு வழங்கி, உலகின் ஏனைய சமயங்கள் யாவற்றையும் 290களிலே நெருக்கி வைத்தவர் டூயி. தமிழிலக்கியம் அவருடைய முறையில் 894.811 என்னும் இடத்தைப் பெறுவது, ‘ஏனைய’ இலக்கியங்களின் கூட்டத்திலேயாகும். ஆகவே அடுக்கிலிருந்து விடுதலை என்னும் முழக்கம் காலனித்துவக் கல்வியின் வழிவந்த எமக்குக் கவர்ச்சியூட்டுவதில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்தல் தகும். ஒரு பொருளுக்கு ஓரிடம் என்னும் நியதியைத் தகர்க்கும் முயற்சி அமெரிக்க இணைய நிறுவனங்களுடன் தொடங்கியது அன்று. சீர்காழியிற் பிறந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1933இற் கோலன் பகுப்புமுறையை வெளியிட்ட சீ. இரா. அரங்கநாதன், ஒரு பொருளை ஆள், பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களிலிருந்து நோக்கி அம்முகங்களை இணைத்துப் பெயரிடலாம் எனக் காட்டினார். இலண்டன் கடையொன்றிலே மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டதே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். சில துண்டுகளை வெவ்வேறு வகையிற் பொருத்தி வெவ்வேறு உருவங்களைச் செய்யும் கருவி அது. இன்றைய குறிச்சொல்லிடலின் கோட்பாட்டு வேர்களுள் ஒன்றினை அங்கே காணலாம். அரங்கநாதனின் முகங்கள் ஒழுங்குடையவை. இடமும் காலமும் தவறாது கேட்கப்படுபவை. மாணவர் தம் விருப்பப்படி இடும் குறிச்சொற்களிலே பெரும்பாலும் விடுபடுவன இவ்விரண்டுமே.

இன்னும் பின்னோக்கிச் செல்லின், சங்கத் தொகைகளின் பாட்டிறுதிக் குறிப்புகள் எம்முன் நிற்கின்றன. புறநானூற்றுப் பாட்டு ஒவ்வொன்றின் ஈற்றிலும் திணை இன்னது, துறை இன்னது, பாடினோர் இன்னார், பாடப்பட்டோர் இன்னார் என வருவன பாட்டின் பகுதியல்ல; பின்வந்தோர் இட்டவை. சில பாட்டுக்களில் அவை சிதைந்தும் போயின. ஒரே பாட்டினை ஓர் உரையாசிரியர் ஒரு துறைக்கும் மற்றொருவர் வேறு துறைக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுதலை இலக்கண உரைகளிற் காண்கின்றோம். மாறுபடுபவர் தாம் மாறுபடுதற்கான காரணத்தையும் பாட்டிலிருந்தே காட்டுவர். துறைப்பெயர் அவர்களுக்கு ஒட்டப்பட்ட சீட்டு அன்று, நிறுவப்படவேண்டிய கூற்று. குறிச்சொல்லைப் பற்றி நாம் கூறவந்ததும் இதுவே. கல்வியிற் குறிச்சொல் பெயராக மட்டும் நடத்தப்படும்வரை அதனால் விளையும் பயன் சிறிது. சான்று கேட்கப்படும் கூற்றாக அது நடத்தப்படும்போதே அது கல்வியாகின்றது.

இதற்கு மறுப்பாக, தனியொருவர் தவறினாலும் பலர் கூடியிடும்போது பிழைகள் தாமாகவே அடங்கிவிடும் எனச் சொல்லப்படுகின்றது. கூட்டத்தின் அறிவு என்னும் இவ்வாதத்தை ஆராய்வதற்கு டெலிசியஸ் என்னும் தளத்தின் வரலாறு உதவுகின்றது. யோசுவா சாக்டர் என்பவரால் 2003இல் தொடங்கப்பட்டு, சமூகப் பக்கக்குறியிடலை உலகறியச் செய்த தளம் அது. அதன் தரவுகளை ஆராய்ந்த கோல்டர், ஹியூபர்மன் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்விலே, ஓர் இணைய முகவரியை ஏறத்தாழ நூறு பேர் சேமித்ததும், அதற்கு இடப்படும் சொற்களின் விகிதம் நிலைபெற்றுவிடுகின்றது எனக் கண்டனர். பின்னர் வருவோர் எத்தனை பேராயினும் அவ்விகிதம் பெரிதும் மாறுவதில்லை. முன்னவர் இட்டதைப் பின்னவர் பின்பற்றுதல் இதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. இதனை ஒழுங்கின் பிறப்பு எனப் பலர் கொண்டாடினர். நாம் வேறொன்றைக் காண்கின்றோம். முதலில் வரும் நூறு பேர் யாரோ, அவர் வைத்ததே பெயர். திரியாய் பற்றிய பக்கமொன்றை முதலிற் சேமிக்கும் நூறு பேர் எவராயிருப்பர்? சுற்றுலாப் பயணியராகவும், யாத்திரிகராகவும், தொல்லியல் ஆர்வலராகவும் இருக்கலாம். கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் தேடி நடக்கவேண்டிய வயலூர் மாணவர் அந்நூற்றினுள் இருத்தல் அரிது. தமிழிலே குறியிடுவோரின் நூறு நிறைவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடக்கூடும். சிற்றூருக்குக் கூட்டம் இல்லை. கூட்டமில்லாத இடத்திற் கூட்டத்தின் அறிவும் இல்லை.

மொழிநிலையிலும் இடர்ப்பாடுகள் உள. கணினிக்கு எழுத்து மாறினாற் சொல் மாறியது. திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்பன அதற்கு மூன்று ஊர்கள். திரியாய் என்பதும் ஆங்கில எழுத்திலே தமிழொலிப்படியும் சிங்கள ஒலிப்படியும் வெவ்வேறாக எழுதப்படுவதால், ஒரு வடிவத்தைக் கொண்டு தேடுவோர் மற்றைய வடிவத்தில் உள்ளவற்றைக் காணார்; எவ்வடிவத்தைக் கொண்டார் என்பதே எத்தரப்பினர் என்பதைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. (சொற்பகுப்பு மென்பொருள் ஒன்றிடம் கொடுத்தால், ‘திரியாய்’ விளக்குத் திரியாகவோ ‘அலையமாட்டாய்’ என்னும் எதிர்மறை வினையாகவோ பிரிந்துவிடவும் இடமுண்டு.) இவற்றிலும் பாரதூரமானது கலைச்சொற் பிளவு. எமது பாடசாலையிற் பௌதிகவியல் கற்பவர் தமிழகத்தார் ‘இயற்பியல்’ எனக் குறியிட்ட நல்ல பாடங்களைக் காண்பதில்லை. இரசாயனவியலும் வேதியியலும், ஒட்சிசனும் ஆக்சிஜனும், கேத்திரகணிதமும் வடிவியலும், நுணுக்குக்காட்டியும் நுண்ணோக்கியும் ஒன்றையொன்று அறியாது பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் நிற்கின்றன. இவ்விரு வழக்குகளையும் இணைக்கும் இரட்டைக் குறியிடலை ஒவ்வோர் ஆசிரியரும் பழக்கமாகக் கொள்வாராயின், புதிய பாடநூல் ஒன்றும் எழுதாமலே தமிழ் மாணவருக்குக் கிடைக்கும் கற்றற் சாதனம் பன்மடங்காகும். எவரும் இதனை ஒரு பெரும் பணியாகக் கருதிச் செய்ததாகத் தெரியவில்லை. ஆரவாரமற்ற பணி என்பதனாற் போலும்.

‘கல்வெட்டு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பாறையிற் பொறித்த சாசனம் அதன் பொருள் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் ஈழத்துத் தமிழ் வழக்கில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளை ஒட்டி அவர் நினைவாக அச்சிட்டு வழங்கும் சிறுநூலுக்கும் கல்வெட்டு என்றே பெயர். திருகோணமலையிலோ ‘கோணேசர் கல்வெட்டு’ என்னும் பெயரில் ஓர் இலக்கியமே உண்டு. கோயிலின் திருப்பணிகளையும் தொழும்புகளையும் மானியங்களையும் கூறும், பாட்டும் உரையும் கலந்த ஏட்டு நூல் அது; கல்லில் வெட்டப்பட்டதன்று. மூன்றையும் ஒரே குறிச்சொல்லின்கீழ்ப் போட்டு வைக்கும் களஞ்சியத்திலே, பல்லவர் கால எழுத்தைத் தேடும் மாணவர் அயலூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மரண நினைவு மலரைச் சென்றடைவார். இது பிழையா? முதல் நோக்கிற் பிழை. ஆயின் அந்நினைவு மலரின் பின்பக்கங்களில் வம்சாவளியும், ஊர்க் கோயிலின் கதையும், குளத்தின் பெயர்களும், இடம்பெயர்ந்த ஆண்டுகளும் இருத்தல் கூடும். ஊர்வரலாற்றுக்கு அவையும் சாசனங்களே. இதனை ஒரு குழப்பம் என விலக்காது, ‘எப்பொருளிற் கல்வெட்டு?’ என வகுப்பிலே விவாதிக்க வைப்பதற்குரிய வாய்ப்பாகக் கொள்ளுதல் ஆசிரியரின் திறமையைப் பொறுத்தது.

ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை, இவ்விவாதம் நடைபெறவேண்டிய இயல்பான களம் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகமாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டதன் நினைவு ஆறாத ஒரு சமூகத்திலே, 2005இல் தன்னார்வலரால் அது தொடங்கப்பட்டது. நூல்கள் மட்டுமன்றி இதழ்கள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்களை அது எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. பெருநிறுவனங்களின் துணையோடு அன்றி, எமது சமூகத்தின் கூட்டு உழைப்பால் இது நடந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அதன் நூற்பதிவுகளிலே நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் எனும் விபரங்கள் ஒழுங்காக இடம்பெறுகின்றன. பல நூல்களின் உள்ளடக்கத்தையும் தட்டெழுதிச் சேர்த்திருப்பது பேருதவி. எனினும் நூல் வகை என்னும் வரியிலே ‘வரலாறு’ என்றோ ‘மலர்’ என்றோ வரும் ஒரு சொல், அந்நூலினுள்ளே புதைந்துகிடக்கும் ஊர்களை வெளிக்காட்டுவதற்குப் போதாது. அப்போதாமையை நூலகத்தாரின் குறையாகக் கூறுதல் அநீதி. ஒவ்வொரு மலரையும் பக்கம் பக்கமாக வாசித்துக் குறிப்பெடுக்கும் உழைப்பை ஒரு சிறு தன்னார்வக் குழுவிடம் எதிர்பார்க்கமுடியாது. அவ்வுழைப்புக்குரிய கைகள் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ளன. ஆண்டுதோறும் எமது இளங்கலை மாணவர் எழுதி, மதிப்பிடப்பட்டு, பின்னர் அலுமாரியிற் கிடந்து செல்லரிக்கும் ஒப்படைகளை எண்ணிப்பார்க்கின்றோம்.

இவ்வாறு பொதுமக்கள் பங்குகொண்ட ஒரு முயற்சியின் முடிவுகள் கணக்கிடப்பட்டு வெளிவந்துள்ளன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 சனவரியில் தனது பழைய ஒளிப்படங்களிற் சிலவற்றை ஃபிளிக்கர் தளத்திலே வைத்து, பார்ப்போர் குறிச்சொல் இடவும் கருத்துரைக்கவும் இடமளித்தது. அவ்வாண்டு ஒக்டோபர் வரையில் 4,615 படங்களுக்கு ஏறத்தாழ 2,500 பேர் 67,000க்கு மேற்பட்ட குறிச்சொற்களை இட்டனர். கருத்துரைகள் ஏறத்தாழ 7,000 வந்தன. இவற்றின் பயனாக நூலகத்தின் பட்டியலிலே திருத்தமோ சேர்க்கையோ பெற்ற பதிவுகள் ஐந்நூறுக்குச் சற்று அதிகம். அத்திருத்தங்களைத் தந்தவை பெரும்பாலும் குறிச்சொற்களல்ல. இவ்விடம் இன்ன நகரம், இவர் இன்னார், ஆண்டு இது எனப் பழைய பத்திரிகைச் செய்தி முதலான ஆதாரங்களுடன் எழுதப்பட்ட கருத்துரைகளே. நூலகர் அவற்றைச் சரிபார்த்த பின்னரே பட்டியலிற் சேர்த்தனர். அறுபத்தேழாயிரம் சொற்களைவிடச் சில நூறு சான்றுடைக் கூற்றுக்கள் அறிவுக்கு அதிகம் உதவின என்னும் இவ்வுண்மை, குறியிடலைப் போற்றுவோரின் எழுத்துக்களில் வேண்டிய அழுத்தம் பெறவில்லை.

இனி உடைமை பற்றிய வினா. டெலிசியஸ் தளத்தை 2005இல் யாகூ நிறுவனம் வாங்கியது. 2008இன் இறுதியில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிலே தம் சேமிப்புகளை வைத்திருந்தனர். 2010 திசம்பரில் அதனைக் கைவிடும் எண்ணம் நிறுவனத்தினுள்ளிருந்து கசிந்தது. 2011இற் கைமாறி, பின்னரும் கைமாறி, 2017இற் போட்டித் தளமொன்றினால் வாங்கப்பட்டு, புதிய சேமிப்புகளை ஏற்காத நிலையை அடைந்தது. ஆய்வாளருக்கென 2004இல் தோன்றிய கொனோட்டியா 2013இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் தோன்றிய சைற்யூலைக் 2019இல் நின்றது. இலட்சக்கணக்கான மாணவரும் ஆசிரியரும் ஊதியமின்றிச் செய்த வகைப்படுத்தல் உழைப்பு, தனியார் உடைமையிலுள்ள களஞ்சியங்களிலே குவிந்தது. இலாபக் கணக்குப் பொருந்தாதபோது களஞ்சியம் மூடப்பட்டது. மக்களால் இடப்பட்ட பெயர்கள் மக்களுக்கு உரியனவாக இருக்கவில்லை. குறியிடலின் சனநாயகத்தைப் பற்றிப் பேசுவோர் இப்பொருளியல் அடித்தளத்தைத் தொடாமற் செல்வது தற்செயலானதன்று.

இதிலிருந்து பாடங்கற்ற முயற்சி ஒன்றினையும் கூறுதல் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் கட்டணமின்றி யாவருக்கும் கிடைக்கவேண்டும் என்னும் இயக்கத்தைச் சேர்ந்த பீற்றர் சூபர், அதுபற்றிய செய்திகளைப் பலர் கூடிக் குறியிட்டுத் திரட்டும் திட்டமொன்றை 2009இற் கொனோட்டியாவிலே தொடங்கினார். அத்தளம் தளரத் தொடங்கியதும், ஆவட் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆக்கப்பட்ட திறந்த மென்பொருளுக்குத் திட்டம் மாற்றப்பட்டது. அம்மென்பொருளின் சிறப்பு யாதெனில், பங்குகொள்வோர் தத்தமக்குத் தோன்றிய சொற்களை இடலாம். பின்னர் பொறுப்பாளர் ‘இச்சொல்லும் அச்சொல்லும் ஒன்று’ என விதிசெய்தால், பழையனவும் புதியனவுமாகிய பதிவுகள் யாவும் அவ்விதிப்படி ஒழுங்குபெறும். இயற்பியலும் பௌதிகவியலும் பற்றி மேலே நாம் கூறிய இடர்ப்பாட்டுக்கும், திருகோணமலையின் மூன்று எழுத்துவடிவங்களுக்கும் இத்தகைய ஏற்பாடு நேரடியாகப் பொருந்தும். மக்களின் சொல்லா, அறிஞரின் பட்டியலா என ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் தேவை வெளிப்படையாயிற்று. ஆசிரியர் வட்ஸ்அப் குழுக்களில் நாளும் அனுப்பிய குறிப்புகளும் ஒளிப்பதிவு முகவரிகளும், பெயருமின்றி ஒழுங்குமின்றி ஒன்றன்மேலொன்றாகக் குவிந்து, ஒரு கிழமைக்குள் எவராலும் மீட்டெடுக்கமுடியாதவையாயின. கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்திலே பாடங்கள் தரவாரியாகவும் பாடவாரியாகவும் அடுக்கப்பட்டிருந்தன. பாடத்திட்டத்துக்குள் நிற்பவருக்கு அது போதும். ஊரைப் பற்றியோ பாடங்களின் இடைவெளிகளைப் பற்றியோ வினவுபவருக்கு அவ்வடுக்கு விடைதராது.

அவ்வாறாயின் திரியாய் போன்றதொரு ஊரின் பாடசாலையில் என்ன செய்யலாம்? விலையுயர்ந்த தளமெதுவும் இன்றியமையாததன்று. பக்கங்களையும் படங்களையும் நினைவு மலர்களையும் மாணவர் தேடிச் சேர்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் சீட்டொன்று, அச்சீட்டிலே இடமும் காலமும் தவறாது இருக்கட்டும், அவற்றின்பின் மாணவர் தாம் விரும்பும் சொற்களை இடட்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, இச்சொல்லை ஏன் இட்டேன், எப்பக்கத்தில், எவ்வரியிற் சான்று உளது என ஒரு வாக்கியம் எழுதுதல் வேண்டும். மற்றொருவர் அதனை மறுக்கலாம். மறுத்தவர் பெயரும் காரணமும் முன்னைய சொல்லை அழிக்காமல் அதன்கீழே நிற்கட்டும். ‘பல்லவர்’ என ஒருவர் எழுத, எழுத்தின் வடிவம் பல்லவருடையதை ஒத்தமையால் ஆட்சியும் அவருடையதாகுமா என மற்றொருவர் கேட்பார். ‘தமிழ்ப் பௌத்தம்’ என ஒருவர் எழுத, கல்வெட்டின் மொழி வடமொழியாயிருக்க வணிகரின் மொழி எதுவென எப்படித் துணிந்தீர் என வினா எழும். ‘சிங்களப் பௌத்தம்’ என்பதற்கும் அதே வினா எழவேண்டும். பத்தாந்தர மாணவர் இவ்வினாவை எழுப்பக் கற்றுக்கொண்டால், எமது துறைசார்ந்த சில நூல்களைக்கூட அவர் சிரமத்துடனேயே வாசிப்பார்.

இதிலுள்ள இடரை மறைத்தல் ஆகாது. 2020 சூனிலே கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்திற்கென சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவர். ஆரம்பத்தில் அதிலே தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் ஒன்றின் தொல்பொருட்களுக்குப் பெயரிடும் அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதற்கு அது சான்று. அத்தகைய சூழலில் ஒரு மேட்டுக்கு இடப்படும் பெயர், அதன் அடிவாரத்து வயலுக்கு உரியவர் யார் என்னும் வழக்காக மாறக்கூடும். மாணவர் இணையத்திலே தம் பெயருடன் இடும் குறிச்சொல், எவர் எதைச் சொன்னார் என்பதற்கான நிரந்தரப் பதிவுமாகும். கொழும்பிலும் கனடாவிலும் இருந்து குறியிடுபவருக்கு இல்லாத அச்சம் அவ்வூர்ச் சிறுவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இருக்கக்கூடும். எனவேதான் முதற்சீட்டு பாடசாலையினுள்ளே இருக்கட்டும் என்கின்றோம். வெளியே செல்லும் பிரதியிற் சொல்லும் சான்றும் செல்லலாம். எழுதிய மாணவரின் பெயர் செல்லவேண்டியதில்லை. எப்பொழுது எதனைத் திறப்பது என்பதை ஊராரும் ஆசிரியரும் கூடித் தீர்மானிக்கட்டும்.

இதற்கு முற்போக்காளர் சிலர், திறந்திருத்தலே அறிவின் இயல்பு, மூடிவைப்பது பிற்போக்கு என விடையிறுக்கலாம். நூல் யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதில் எமக்குக் கருத்துவேறுபாடில்லை. வாசித்தவரின் வாழ்வும் அவ்வாறே திறந்திருத்தல் வேண்டும் என எந்த நூலக நெறியும் கூறவில்லை. நூலகத்தில் எவர் எந்நூலை இரவல் பெற்றார் என்பதை வெளியிடாமை உலகெங்கும் நூலகர் பேணிவரும் ஒழுக்கம்.

எஞ்சியிருப்பது சீட்டின் தலைப்பில் ஊர்ப்பெயரை எழுதும் முறை. தமிழ்வடிவத்தை முதலாவதாகவும், சிங்கள வடிவத்தையும் ஆங்கில எழுத்திலான வடிவங்களையும் அதன்கீழ் ஒன்றுவிடாமலும் எழுதுதல் வேண்டும் என்பது எமது கருத்து. கல்வெட்டிலே வரும் ‘கிரிகண்டி’ என்னும் பெயரை எவ்வரிசையில் வைப்பது என்பதை முதலாவது விவாதமாக மாணவரிடமே விட்டுவிடலாம்.